மணி கழற்றும் வயது

உங்கள் வீட்டுக்கு டி.வி. எந்த வருடம் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. யார் வீட்டில் போய் டி.வி. பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். உடனே ஒரு வீடும், அந்த வீட்டு அம்மாவின் முகமும், உங்களை உட்கார விட்ட மூலையும் நினைவுக்கு வந்தால் நாம் ஒரே வயதுக்காரர்கள். வராதவர்கள் சின்னவர்கள். அவர்களும் படிக்கலாம், ஆனால் நடுவில் ‘பிடிக்கலன்னா வேற சானல் வெச்சிருக்கலாமே’ என்று கேட்கக் கூடாது.

எங்களுக்கு அது ஓனர் வீடு. மைசூரில், தண்டவாளத்தை ஒட்டி, ஆறு ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு காம்பவுண்டு. ஆறுக்கும் ஒரே குழாய். முன்னால் ஓனரின் பெரிய வீடு. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான கையோடு ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா கொத்தனார். அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவாள். ஒரு பலகை, கட்டுக் கட்டாக மூங்கில் குச்சி, கரித்தூளைப் பிசைந்த கறுப்பு மாவு. வாசனைத் தைலத்தைக் கம்பெனியில்தான் போடுவார்கள். அதனால் எங்கள் வீட்டுச் சோறு, பாய், என் பள்ளிச் சட்டை எல்லாவற்றிலும் வெறும் கரி மணம்தான். ஊதுபத்தி செய்கிற வீட்டில் ஊதுபத்தி மணக்காது என்பதைப் பெரிய ரகசியம்போல வகுப்பில் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

ஓனரம்மா கன்னடக்காரர். கண்டிப்பும் தாராளமும் ஒரே உடம்பில் இருந்த மனுஷி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் கூடத்தில் இடம் உண்டு. ஆனால் கால் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும், சோபாவைத் தொடக் கூடாது. டி.வி. ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். அதற்குச் சரசரவென்று இரண்டு பக்கமும் ஒதுங்கும் பலகைக் கதவு, கதவுக்கு ஒரு குட்டிப் பூட்டு. ஓனரம்மா பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் கால் கழுவக் குழாயடிக்கு ஓடுவேன். “பேக பர்ரோ, ஷுரு ஆயித்து!” என்று வாசலில் நின்று கத்துவார். சீக்கிரம் வாங்க, ஆரம்பிச்சாச்சு என்று அர்த்தம். அர்த்தம் புரிவதற்குள் நாங்கள் உள்ளே இருப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்ட்டூனைத்தான் சொல்ல வந்தேன். எங்கோ வெளிநாட்டில் வரைந்து, இந்தியில் பேச வைத்து ஒளிபரப்பினார்கள். காற்றாலைகளால் ஆன ஒரு ஊர். வீடு என்று தனியாகக் கிடையாது, எல்லாரும் காற்றாலைக்குள்ளேயே குடியிருப்பார்கள். அந்த ஊரில் ஒவ்வொரு குழந்தைக்கும் இடது காலில் ஒரு மணி கட்டியிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் வேறு வேறு சத்தம். மாவு பிசைந்துகொண்டே அம்மாக்கள் காதைத் தீட்டி, தன் பிள்ளை எந்தச் சரிவில் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழந்தை பெரியவனாகிற அன்றைக்கு ஊரே குன்றின் மேல் கூடும். எல்லாக் காற்றாலைகளையும் நிறுத்திவிடுவார்கள். தாடி தரையைத் தொடுகிற ஒரு கிழவர் முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். குழந்தை ஒரு பதில் சொல்லும். கிழவர் குனிந்து மணியைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுப்பார். அப்புறம் அந்தப் பிள்ளை சரிவில் இறங்கி நடக்கும், ஊருக்கு வெளியே. சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாமையில் கூடத்தில் நாங்கள் மூச்சுகூட விட மாட்டோம். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் அந்தச் சரிவு பச்சை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் இந்தி. நான் நான்காம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். ஓனரம்மாவின் மகளுக்கும் என் வயதுதான். அதனால் என் அண்ணன்தான் எங்களுக்கு எல்லாம். என்னைவிட நான்கு வயது பெரியவன், எட்டாம் வகுப்பு முடித்தவன், இந்தியில் பள்ளிக்கே முதல். இந்தி மிஸ் தன் பழைய அகராதியைத் தூக்கி அவனிடம் கொடுத்திருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், நோட்டில் இங்கிலீஷ், இதற்கு மேல் இந்தி வேறா என்று அம்மா சலித்துக்கொள்வாள். சலிப்புக்குள்ளே பெருமையும் இருக்கும்.

அண்ணன் டி.வி.க்குப் பக்கவாட்டில், எங்களைப் பார்க்க உட்கார்ந்துகொண்டு, ஒரு வரி விடாமல் சொல்வான். எங்களுக்குத் தமிழில், ஓனரம்மா மகளுக்குக் கன்னடத்தில். சும்மா சொல்ல மாட்டான், நடிப்பான். அந்தக் கதையில் நரைத்த தலையோடு, காலில் இன்னும் மணி கட்டிக்கொண்டு ஒரு ஆள் வருவான். எங்களுக்கு அவனைக் கண்டாலே சிரிப்பு. “அந்தாளு ஃபெயிலாகி ஃபெயிலாகி உக்காந்திருக்கான்” என்பான் அண்ணன். நாங்கள் உருண்டு புரள்வோம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். இந்தப் பகுதிக்கு வந்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. சரி, சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் ஏப்ரல் மாதத்தில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். சாரம் என்றால் கட்டட வேலைக்காகச் சவுக்குக் கழி கட்டி நிற்பார்களே, அது. வலது கால் தொடைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இனி உயரத்தில் ஏறி வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் குழாயடியில் அடுத்த வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொன்னாள். குழாயடியில் மெதுவாகச் சொன்னால் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

அப்பா ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவரைக் கட்டிலில் கிடத்தியதும் அந்த ஒற்றை அறை வீடே படபடவென்று ஆகிவிட்டது. நாள் முழுக்க மாவுக்கட்டின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். டொக் டொக். சுவரைப் பார்ப்பார். பூச்சு எங்கே சரியில்லை என்று சொல்வார். கட்டுக்குள் அரித்தால் என்னைக் கூப்பிடுவார். அம்மாவின் பலகையிலிருந்து மாவு பூசாத ஒரு மூங்கில் குச்சியை உருவி, கட்டுக்குள் விட்டுச் சொறிந்துவிடுவேன். அது என் உத்தியோகம். அந்த வேனிலில் மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. வீட்டில் எல்லாரும் எதற்கோ காத்திருந்தோம். அது என்னவென்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விழுந்து பத்து நாள் கழித்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நஞ்சன்கூட்டில் ஒரு நூல் மில்லில் வேலை. சீப்பு சீப்பாக ரசபாளைப் பழம் வாங்கி வந்திருந்தார். அதன் வாசனை கரி மணத்தையும் மீறி வீட்டை நிரப்பியது. அண்ணன் மூலையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். நான் இரண்டாவது பழத்தில் இருந்தேன்.

“எங்க மில்லுல ஆள் எடுக்கறாங்க மச்சான்” என்றார் மாமா. “பதினாலு முடிஞ்சிருந்தா போதும், சட்டப்படி சேத்துக்குவாங்க. நாஞ் சொன்னா தட்ட மாட்டாங்க. என்ற வீட்டுலயே தங்கிக்கட்டும். உங்களுக்குக் காலு சரியாகற வரைக்குமாச்சும்…”

அப்பா மாவுக்கட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். “பாக்கலாம்” என்றார் கடைசியில். மாமா புறப்படும்போது அண்ணனின் தலையைத் தடவி, “என்ன மாப்ள, எப்பப் பொறந்த நாளு?” என்றார். “மே கடைசி மாமா” என்றான் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு. நான் மூன்றாவது பழத்தை எடுத்தேன். அம்மா என் கை மேல் ஓர் அடி போட்டாள்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறுதான் காற்றாலை ஊரில் முதல்முறையாக மணி கழற்றுகிற காட்சி. கதாநாயகப் பையனின் அக்கா குன்றின் மேல் நிற்கிறாள். கிழவர் வந்து கேட்கிறார். அவள் பதில் சொல்கிறாள். நாங்கள் எல்லாரும் அண்ணனின் வாயைப் பார்க்கிறோம். எப்போதும் படம் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறவன் அன்றைக்குக் கொஞ்சம் தாமதித்தான்.

“உன் வயசென்னன்னு கேக்கறாரு” என்றான். “அவ பதினாலுங்கறா. அங்கெல்லாம் பதினாலு முடிஞ்சா பெரியவங்க. மணியக் கழட்டிருவாங்க. அப்புறம் யாரும் எங்க போறேன்னு கேக்க முடியாது. ஸ்கூலும் கெடையாது.”

ஸ்கூலும் கிடையாது! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானமே காம்பவுண்டு முழுவதும் காற்றாலை ஊராகிவிட்டது. மூலைத் திருப்பத்தில் டாங்கா வண்டி நிறுத்துகிற தாத்தாவிடம் போய் நச்சரித்து, அறுந்துபோன ஒரு குதிரைப் பட்டையை வாங்கி வந்தோம். அதில் இருந்த பித்தளை மணிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கட்டிக்கொண்டோம். மே மாதம் முழுக்க அந்தக் காம்பவுண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை கிணுகிணுத்துக் கிடந்தது. ஓனரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். அண்ணனின் மணி எது என்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவன் தண்டவாளப் பக்கம் போனால் அப்பாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும்.

அண்ணன் அந்த மாதத்தில் ஒரு இடத்தில் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. தண்டவாளத்தின் மேல் கை விரித்து நடப்பான். நஞ்சன்கூடு பாசஞ்சர் வருகிற நேரத்துக்குக் குதித்து இறங்கி, அது போகும்வரை பெட்டிகளை எண்ணுவான். ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை யாரிடமோ பழையதாக வாங்கி வந்து, அட்டை போட்டு, பிரித்துப் பார்த்து, மறுபடியும் அட்டையை மாற்றிப் போட்டான். என்னிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசினான். இன்னும் பத்து நாள், இன்னும் ஏழு நாள், அப்புறம் நான் பெரியவன், என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று. அவன் குதூகலமாக இருக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பத்து வயதில் எனக்கு என்ன தெரியும்? பொய். கொஞ்சம் தெரியும். அட்டையை எதற்கு மாற்றி மாற்றிப் போடுகிறான் என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவனுடைய பிறந்த நாளன்று நாங்கள் மணி கழற்றும் விழா நடத்தினோம். ஓனர் மாடி கட்டப்போவதாகச் சொல்லிக் கொட்டி வைத்திருந்த மணல் மேடுதான் குன்று. நான்தான் கிழவர். ஈரிழைத் துண்டைத் தாடியாகக் கட்டிக்கொண்டேன். காம்பவுண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று காற்றாலைகளாகக் கையைச் சுற்றினார்கள். நான் கையை உயர்த்தியதும் எல்லாரும் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் மணல் மேட்டுக்கு நேர் எதிரில். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“உன் வயசென்ன?” என்று கட்டைக் குரலில் கேட்டேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.

“பதினாலு!” என்று கத்தினான். கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல். நான் குனிந்து மணியைக் கழற்றினேன். அவன் மணல் மேட்டிலிருந்து குதித்து, காம்பவுண்டு கேட்டைத் தாண்டி, சத்தமில்லாமல் போனான். நாங்கள் கை தட்டினோம். ஜன்னலில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார். குச்சியோடு போனேன். சொறியச் சொல்லவில்லை.

“அண்ணன் என்ன சொல்றான் அம்மிணி?” என்றார்.

“எதப் பத்திப்பா?”

“ஸ்கூலுப் பத்தி. மாமா சொன்னதப் பத்தி. உங்கிட்டத்தான வாயாடறான்.”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு எழுத்து மாறாமல் சொல்ல முடியும். இத்தனை வருடங்களில் அதை ஆயிரம் தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தவள். “அண்ணனுக்கு ஸ்கூல் வேண்டாமாம்ப்பா. பதினாலாச்சுன்னா பெரியவனாம். வேலைக்குப் போகோணும்னு ஆசையா இருக்கான். ரயில்ல போகலாம்ல, அதுக்கு.”

ஸ்கூல் வேண்டாம் என்று அண்ணன் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. காற்றாலை ஊரில் ஸ்கூல் கிடையாது என்றுதான் சொன்னான். ரயிலைப் பற்றி அவன் பேசியதே இல்லை, பெட்டியைத்தான் எண்ணினான். மிச்சத்தை நான் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? அப்பாவை இன்னொரு தடவை சிரிக்க வைக்க. அது பாதிக் காரணம். அண்ணன் வேலைக்குப் போனால் அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வரும் என்பது மீதிப் பாதி. நீலத் தகரப் பெட்டி, மூடிக்குள் வாய்ப்பாடு அச்சிட்டது. நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நானே நினைத்து முடித்துவிட்டேன்.

அப்பா என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். “நெசமாவா சாமி?” என்றார். “நெசமா” என்றேன். அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றரை மாதமாகக் கேட்ட அந்த டொக் டொக் அன்று சாயங்காலம் கேட்கவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன்பே விஷயம் முடிவாகிவிட்டது. அம்மா கறுப்பு மாவு அப்பிய கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

“ஏனுங்க, பையனயும் ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க” என்றாள்.

“அதான் புள்ளகிட்டச் சொல்லிருக்கானே. அவனுக்கே ஆசையாத்தான் இருக்குது. இன்னும் என்னத்தக் கேக்கறது?” என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. “நாளைக்கு மச்சானுக்குச் சொல்லி உட்றலாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பலகை மேல் கிடந்த குச்சிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

ஜூன் முதல் வாரத்தில், நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன அதே காலையில், அண்ணன் நஞ்சன்கூடு பாசஞ்சரில் ஏறினான். மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். அப்பா அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். அண்ணன் அங்கே ரொம்ப நேரம் நின்றான். செருப்பு வாரைச் சரிசெய்தான், பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான், மறுபடியும் செருப்பு. “நேரமாச்சு போ கண்ணு” என்றார் அப்பா. போனான்.

அந்த வாரமே இந்தி மிஸ் வீடு தேடி வந்தார். அண்ணனும் வார லீவுக்கு வந்திருந்தான், குழாயடியில் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். மிஸ் கன்னடத்திலும் இங்கிலீஷிலுமாக அப்பாவிடம் என்னவெல்லாமோ சொன்னார். ஃபீஸ் வேண்டாம், புஸ்தகம் தருகிறேன், இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அப்பா கைகூப்பி, “அவனுக்கே படிப்புல இஷ்டம் இல்லீங்க மிஸ், நாங்க வற்புறுத்தல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

மிஸ் திரும்பிப் போகும்போது குழாயடியில் நின்றார். “நின் மேலே எஷ்டு நம்பிக்கெ இட்டித்தே” என்றார். உன் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன் என்று. அண்ணன் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். குடம் நிரம்பி வழிந்தது. மிஸ் அதற்கப்புறம் மார்க்கெட் தெருவில் அவனைப் பார்த்தால்கூடப் பேசுவதில்லையாம். நன்றாகப் படிக்கிற பையன் கைக்காசு பார்த்ததும் மாறிவிட்டான் என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். நல்ல மனுஷிதான். ஆனாலும் அப்படித்தான் முடிவு கட்டினார்.

ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. அகராதியும் வந்தது. வீடு மாறியபோது இரண்டும் எங்கே போயின என்று தெரியாது. அண்ணன் சம்பாதித்ததில் நான் டிகிரி வரை படித்தேன். அப்பாவின் கால் சரியாகி, தரையிலேயே நின்று செய்கிற டைல்ஸ் வேலைக்குப் போனார். ‘காலு சரியாகற வரைக்கும்’ என்று மாமா சொன்ன பேச்சு அப்போது யாருக்கும் நினைவில்லை. அண்ணன் இல்லாமல் அந்தக் கார்ட்டூனும் எங்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஞாயிறு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம், பிறகு ஓனரம்மா பூட்டைத் திறந்தாலும் நாங்கள் வெளியிலேயே விளையாடினோம். அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது. “என்ற மகன் அவனா ஆசப்பட்டு வேலைக்குப் போனவன்” என்று கடைசி வரைக்கும் எல்லாரிடமும் சொல்வார். நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் என் மகள் அந்தக் கார்ட்டூனை ஃபோனில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நான் சொன்ன காற்றாலையையும் மணியையும் வைத்துத் தேடினாளாம். அதே பழைய இந்தி. இப்போது எனக்கு இந்தி வரும். கல்யாணமான பிறகு பத்து வருடம் நாக்பூரில் காய்கறிக்காரனோடு சண்டை போட்டுக் கற்ற இந்தி. அந்தக் குன்று, நிற்கிற காற்றாலைகள், அக்கா, தாடிக்காரக் கிழவர். அவர் குனிந்து கேட்டார்:

‘உன்னை யாராவது அனுப்பினார்களா?’

அவள் சொன்னாள்: ‘இல்லை. நானாக வந்தேன்.’

மணியைக் கழற்றினார்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பதினாலு இல்லை. எந்த எண்ணும் இல்லை. அன்று ராத்திரிக்குள், அப்புறம் மறுநாளும், எல்லாப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். அந்த ஊரில் பெரியவனாக ஒரு வயதே கிடையாது. யாரும் போகச் சொல்லாமல், தானாக வந்து குன்றில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நரைத்த தலைக்காரன் எதிலும் ஃபெயிலாகவில்லை. அவனுக்கு மணி பிடித்திருந்தது, வைத்துக்கொண்டான். ஊரில் ஒருவரும் அவனைக் கேலி செய்யவில்லை. நாங்கள்தான் சிரித்தோம். நானோ துண்டைத் தாடியாகக் கட்டிக்கொண்டு தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

இந்தியில் பள்ளிக்கே முதலாக வந்தவனுக்கு அந்தக் கேள்வி புரியாமல் போயிருக்குமா?

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நஞ்சன்கூட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணனுக்கு அன்று வார லீவு. இன்னும் சில வருட சர்வீஸ் மிச்சமிருக்கிறது அவனுக்கு. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். “என்ன திடீர்னு? ஃபோன் பண்ணிருந்தா ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்ல” என்றான். அண்ணி காப்பி போட உள்ளே போனாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினேன்.

நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். குன்று வந்தது. காற்றாலைகள் நின்றன. கிழவர் குனிந்தார். கிழவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அண்ணனின் உதடு அசைந்து அந்தக் கேள்வியை இந்தியில் சொல்லி முடித்துவிட்டது. ஒரு சொல் மாறவில்லை.

“அப்பாகிட்ட நான்தாண்ணா சொன்னேன்” என்றேன். “உனக்கு ஸ்கூல் வேண்டாமாம், ஆசையா இருக்கேன்னு. நானாச் சேத்துச் சொன்னேன்.”

“தெரியும்.”

“அப்பா சொன்னாரா?”

“அவரு எதுக்குச் சொல்லோணும்? நீ போய்ச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான உங்கிட்டச் சொன்னதே.” ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை எடுத்துப் பைக்கின் டேங்கை மறுபடியும் துடைத்தான். “மாமா வந்துட்டுப் போனதுலருந்து அவரு என்ற மூஞ்சியப் பாக்காம சொவத்தையே பாத்துட்டுக் கெடந்தாரு. பாக்க முடியல. அதான் பதினாலு, கிதினாலுன்னு ஒரு கதையக் கட்டுனேன். அவருக்குச் சுலபமா இருக்கட்டும்னு.”

நாற்பது வருடப் பாரம் இறங்கியது என்று நினைத்தேன். ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அண்ணன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஆனா நீ சொன்னதுக்கப்புறம் அவரு என்னையக் கூப்பிட்டு, நெசமாடான்னு ஒரு வார்த்த கேப்பாருன்னு நெனச்சேன்” என்றான். “தெனமும் நெனச்சேன். ரயிலேறுன அன்னிக்குக் காம்பவுண்டு கேட்டுலகூட நின்னு பாத்தேன்.”

“கேட்டிருந்தா?” என்றேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

அண்ணன் துணியை உதறினான். அவனிடம் அதை அதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“படிக்கிறேன்னு சொல்லிருப்பேன்” என்றான்.